பாதி வெட்டின வேலி

மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் விருந்துக்கு மொன்றியல் சனமெல்லாம் வீட்டுக்கு வருமுன், முன்பக்கச் செடிவேலியை வெட்டிவிட வேண்டுமென்று கணவர் மெஷின் இரவல் வாங்கி வந்தார். பாதி வெட்டியபோது மீதிப் பாதிக்குள் குருவிக்கூடு ஒன்றைக் கண்டேன். உள்ளே நான்கு குஞ்சுகள்.

"நிப்பாட்டுங்கோ, உள்ளுக்குக் குஞ்சுகள் இருக்கு" என்றேன்.

"சாப்பிட்டிட்டு வந்து மிச்சத்தை வெட்டுறன்" என்றார்.

அவர் சாப்பிடும்போது, கூச்சத்தை விட்டு, அரைகுறைப் பிரெஞ்சில் நகரசபைக்குப் போன் எடுத்தேன். வந்த அதிகாரி, குஞ்சுகள் பறக்கும்வரை வேலியைத் தொடக்கூடாது என்று சொல்லிப் போனார்.

"ஆர் இவருக்குச் சொன்னது?" என்றார் கணவர். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

விருந்தன்று அவருடைய தம்பி வேலியைப் பார்த்து, "என்ன அண்ணை, சலூன்காரன் பாதியில ஓடிட்டானோ?" என்று சிரித்தார்.

"தொடக்கூடாதெண்டு கவுண்மேந்து ஓடர். மெதுவாக் கதை, குஞ்சு பயப்பிடும்" என்றார் கணவர்.