தண்ணீருக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி

கண்ணாடி போட்டவன் கடலுக்கு அடியில் போய் வேலை பார்க்க முடியுமா என்று இன்று யாரைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்கிறார்கள். பவர் வைத்த முகமூடியே கடையில் விற்கிறதாம். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் நாய் படாத பாடு பட்டு அலைந்தபோது எங்கே போயிருந்தது அது?

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா நெய்வார். அம்மா இழை சுற்றுவாள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் விறைத்து நிற்கக் கஞ்சி காய்ச்சுவாள். நான் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுச் சில வருஷமாகச் சும்மா இருந்தேன். நைனாவின் கணக்கில்தான் அது சும்மா. வயல்வெளிக் கிணறுகளில் குடம் விழுந்தாலும் வாளி விழுந்தாலும் ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிடுவார்கள். அடிவரை முங்கிச் சேற்றில் கையால் துழாவி எடுத்துவருவேன். ஏறியதும் முதல் வேலை, படிக்கட்டில் வைத்த கண்ணாடியைத் தேடுவது. மைனஸ் நாலரை. அது இல்லாவிட்டால் எதிரே வருவது மாடா மனிதனா என்றுகூடத் தெரியாது.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. கடல் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்று முத்துச்சிப்பிகளைக் கணக்கெடுக்க ஆள் எடுக்கிறது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்த அவர்களே சொல்லிக்கொடுப்பார்களாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு ஆயுசைக் கழிக்க வேண்டாம் என்று யாரோ எனக்காகவே அச்சடித்தது போல இருந்தது.

சென்னைக்குப் போய் அதிகாரியைப் பார்த்தேன். அவர் என் கண்ணாடியைப் பார்த்தார். நல்ல மனிதர், உடனே துரத்தவில்லை.

"கண்ணாடி போட்டவங்களை எடுக்கக் கூடாதுன்னு இல்லைப்பா. தண்ணிக்குள்ள பார்வை தெரியணும், அவ்வளவுதான். நீச்சல் குளத்துல ஒரு கயிறு கட்டுவோம். அதைத் தாண்டாம, அந்தக் கோடியில வைக்கிற பலகைங்கள்ல இருக்கிற நம்பரைப் படிக்கணும்."

"கிட்டப் போய்ப் படிச்சா ஆவாதா சார்?"

"கடல்ல ஒவ்வொரு சிப்பியா கிட்டப் போய்ப் பாத்தா சிலிண்டர்ல காத்து தீந்துடும்."

கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற பழைய ரப்பர் முகமூடி ஒன்றை இரவல் கொடுத்து, சித்திரை கழிந்து வரச் சொன்னார். நைனாவிடம் வந்து சொன்னேன். அவர் தறியில் குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"தேறினா போ. தேறலன்னா தறியில குந்து. அப்பால பேச்சு கீச்சு வச்சிக்காத."

முகமூடியை மாட்டி வயல் கிணற்றில் இறங்கினேன். கலங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டு அதன் மேல் மாட்டினால், காதுக்குப் போகும் கம்பி ரப்பரைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உள்ளே விட்டது. கம்பியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் பட்டு இழை கட்டித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். அந்த இழையோரமாகவும் கசிந்து மூக்கு வரை தண்ணீர் நின்றது. முகமூடியே வேண்டாம் என்று வெறும் கண்ணாடியோடு குதித்துப் பார்த்ததும் உண்டு. ஒன்றுமே தெரியவில்லை. காந்தி ரோட்டில் இருந்த கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன். வில்லையைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் அதற்குப் பவர், தண்ணீர் பட்டால் பெரும்பகுதி போய்விடும் என்றார். அதைக் கேட்க எனக்கு அசிங்கமாக இருந்தது, என்னவோ நான் செய்த தப்பு போல.

சென்னையில் ஒரு கண் டாக்டர் கண்ணுக்குள்ளேயே வைக்கிற வில்லை ஒன்றைக் காட்டினார். கெட்டியாக, மீன் செதிலைப் போல இருந்தது. வைத்துப் பார்த்ததும் கண் சிவந்து தாரை தாரையாகக் கொட்டியது. பழகிவிடும், ஆனால் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் வில்லை கண்ணை விட்டுப் போய்விடும் என்றார். வெளிநாட்டில் முகமூடிக் கண்ணாடியையே பவருக்குத் தேய்த்துக் கொடுக்கிறார்களாம். வெளிநாட்டுக்கு நான் எங்கே போக? கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வழி சொன்னவர் அந்தக் கடைக்காரர்தான். கண்ணாடிச் சட்டத்திலிருந்து வில்லைகளைக் கழற்றி முகமூடியின் உள்பக்கம் ஒட்டிவிடச் சொன்னார். ஆனால் என்னிடம் இருந்தது ஒரே கண்ணாடி. பசை போட்டு ஒட்டினால் வில்லை திரும்பி வராது, அப்புறம் ரோட்டில் எப்படி நடப்பது? வீடே கூடி யோசித்தது. அம்மாதான் சொன்னாள்.

"உள்ள தண்ணி போவாதுன்னுதானே சொல்ற? அப்ப நம்ம கஞ்சியே போதும்பா. காஞ்சா கல்லாட்டம் நிக்கும். வேணான்னா ஊற வச்சிக் கழட்டிக்கலாம்."

எங்கள் தெருவில் யார் வீட்டில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். கஞ்சி போட்டால் இழை நிற்கும், காகிதம் ஒட்டும், எதுவும் நிற்கும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாவுக்குக் காய்ச்சுவதைவிடக் கெட்டியாகக் காய்ச்சி, வில்லையின் ஓரத்தில் மட்டும் விரலால் தடவி ஒட்டி வெயிலில் காய வைத்தாள்.

கிணற்றில் இறங்கிப் பார்த்தேன். எத்தனையோ முறை துழாவிய அந்த அடித்தரையை முதல்முறையாகப் பார்த்தேன். நத்தைகள், எதிர்ச் சுவரில் கல்லும் கல்லும் சேருமிடம், பாதி புதைந்த பித்தளைச் சொம்பு. மூச்சு முட்டும்வரை பார்த்துவிட்டு மேலே வந்து ஓவென்று கத்தினேன். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

வில்லைகள் முகமூடியில் இருந்ததால், சென்னை போகும்போது எனக்குக் கண் தெரியவில்லை. நைனா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டில் போர்டு படிக்க முகமூடியை முகத்தில் வைத்தேன். "எங்கபா, நிலாவுக்கா?" என்றார் கண்டக்டர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "உள்ள வைடா" என்றார் நைனா. பஸ்ஸிலும் அவர் என் கையை விடவில்லை.

குளத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதிகாரி எல்லோருக்கும் பொதுவாக ஒரு விஷயம் சொன்னார்.

"ஆவி படியாம இருக்கணும்னா, இறங்கறதுக்கு முன்னாடி முகமூடிக்குள்ள எச்சில் துப்பித் தேய்ச்சு, தண்ணியில அலசிடுங்க. யாரும் கூச்சப்படக் கூடாது."

கடலில் முங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதானாம். கஞ்சி வைத்து ஒட்டியிருக்கிறேன் சார் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்ல? அவரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். துப்பினேன், தேய்த்தேன். கொஞ்சமாகத்தான் அலசினேன்.

முதல் பலகை தெரிந்தது, படித்தேன். இரண்டாவதைப் பார்க்கும்போது வலது வில்லை மெதுவாக இறங்கி மூக்கோரம் வந்து நின்றது. இடது கண்ணுக்கு முன்னால் கஞ்சி பாலாகக் கரைந்து வழிந்தது. மேலே வந்து பதறி முகமூடியைப் பிடுங்கினேன். ஒரு வில்லை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மற்றது குளத்தில் விழுந்துவிட்டது.

அதிகாரி முகமூடியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "என்னப்பா இது, சோத்து வாசனை வருது?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்தது, சிரித்தார்கள். ஆனாலும் அந்தப் பையன்களே மறுபடி மறுபடி முங்கி வில்லையைத் தேடினார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு நல்ல கண்ணுக்கும் தெரியாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நைனா குளத்தோரம் குந்தியபடி, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைப் பின்னால் அவரே சொன்னார். எனக்கு அவர் ஒரு வெள்ளை வேட்டியாகத்தான் தெரிந்தார்.

"இன்னொரு தடவை பாக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவை எடுக்கும்போது உனக்கு வயசு தாண்டிடும்பா" என்றார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "சரிப்பட்டு வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா உள்ளே போனார். அம்மா எஞ்சிய வில்லையை வாங்கி, ஓரத்தில் காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டினாள். "இன்னும் கொஞ்சம் கெட்டியாக் காச்சியிருக்கணும்" என்றாள். அழுகையாக வந்தது, அவள் முன்னால் அழவும் முடியவில்லை.

மறுநாள் காலை தறியில் குந்தினேன். தொலைந்த வில்லைக்கு மாற்று போடும்வரை கண்ணாடி இல்லாமல்தான் நெய்ய வேண்டும், தடுமாறுவேன், நைனா திட்டி எழுப்பிவிடுவார் என்று ஒரு நப்பாசை. குனிந்தேன். பாவு இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அறுந்த ஓர் இழையை நைனா கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்தார். நான் பார்த்த உடனே எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டேன். அவர் எழுந்துபோய், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"என் புள்ளைக்குக் கண்ணாடியே வேணாம்பா. இந்தக் கண்ணு தறிக்குன்னே செஞ்ச கண்ணு."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மாற்று வில்லையைப் பற்றி அதற்கப்புறம் வீட்டில் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நைனா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததெல்லாம் எனக்கு மிக நன்றாகத் தெரிந்தது.