பெட்டியிலிருந்து வராத சத்தம்

எங்கள் பக்கத்தில் ‘சத்தம்’ என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. “சாத்தூர்ப் பக்கம் சத்தமாம்ல” என்று யாராவது சொன்னால், கேட்பவர் வாயில் இருக்கிற சோற்றை விழுங்க மறந்துவிடுவார். கம்பெனிகளில் பட்டாசை வெடித்துப் பார்ப்பதை நாங்கள் சத்தம் என்று சொல்வதில்லை. அது பகல் முழுக்கக் கேட்கும், யாரும் தலையைத் திருப்ப மாட்டோம். வெடிவிபத்துதான் சத்தம். அது காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடும். தரை ஒரு உதை உதைக்கும். அலமாரியில் தட்டுகள் குலுங்கும். எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்து ஒரே கேள்வி கேட்பார்கள்: “எந்தப் பக்கம்?”

நான் திருத்தங்கலில் ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆட்களிடம் பேசுவதைவிடப் பிளைவுட்டோடு இருப்பது எனக்குச் சுலபம். என் மனைவி சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் கம்பெனி வேன் வரும். சேலைக்கு மேலே என் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஏறுவாள்.

சிவகாசியில் அரிசிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் அந்த வருடம் ஒரு சின்ன கார் வாங்கினார். பழைய கார்தான். ஆனால் டிக்கி நிறைய, இடி மாதிரி அடிக்கிற வூஃபர் ஸ்பீக்கர் வைத்துத் தரச் சொன்னார். டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி டயர் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

“இத எங்கன வைக்கது பாய்?”

“வீட்ல வச்சிருவோம் அண்ணாச்சி.”

“வழியில பஞ்சர் ஆச்சுன்னா?”

“ஆகட்டும். பாட்டுக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். உங்களுக்கென்ன?”

பெட்டியை டிக்கியின் வளைவுக்குத் தக்கபடி சாய்த்து அறுத்து, உள்ளே பஞ்சு ஒட்டி, வெளியே கறுப்புக் கார்ப்பெட் சுற்றினேன். இரண்டு வூஃபர். ஆம்ப்ளிஃபயரைப் பின்சீட்டின் முதுகில் திருகினேன். வேலை முடிந்த சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு தடவை போட்டுப் பார்த்தபோது, என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

“நாள் பூரா வெடிமருந்துக்கு நடுவுல உக்காந்துட்டு வாரேன். வீட்டுலயும் இந்த டொம்மு டொம்மு வேண்டாம். கடையில வச்சு அடிச்சுக்கிடுங்க.”

மறுநாள் அவள் வேனில் ஏறிப் போன பிறகு காரைக் கடைக்குக் கொண்டுபோனேன். தீபாவளி சீசன் நெருங்கியிருந்தது. பாய் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

“சத்தம் பத்தல அண்ணாச்சி. இன்னும் வைங்க.”

வைத்தேன். முதல் அடி விழுந்ததும் கடை ஷட்டர் கிடுகிடுத்தது. தெரு அப்படியே நின்றுபோனது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்கா கழுவிக்கொண்டிருந்த கிளாசோடு நடுத்தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். “எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்லே?” என்று வானத்தைப் பார்த்தார். இரண்டாவது அடி விழுந்தது. அப்போதுதான் காரைப் பார்த்தார்.

“நாசமாப் போக! உசுரே போயிருச்சு. பாய், அரிசி விக்கிறவருக்கு எதுக்கு இம்புட்டு இடி?”

பாய் காரை விட்டு இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பாப் போச்சுக்கா. மன்னிச்சிருங்க.”

“அடிக்கதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த அண்ணாச்சிதான் வாயத் தொறக்க மாட்டாரே. நீங்களாவது சொல்லுங்க.”

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு தடவை பாட்டு போடுமுன்னும் இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். பாய் அப்படியே செய்தார். ஹாரன், ஹாரன், பிறகு இடி. கொஞ்ச நேரத்தில் தெரு பழகிவிட்டது. ஹாரன் கேட்டதும் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சத்தம் கூடக்கூட டிக்கியின் தகடு அதிர்ந்து கரகரவென்றது. வயர் ஒன்றையும் மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இடுப்புவரை டிக்கிக்குள் நுழைந்து குப்புறப் படுத்தேன்.

அப்போது என் நெஞ்சுக்குக் கீழே தகடு ஒரு தடவை துள்ளியது. பிறகு டொம் என்றது. ஷட்டர் ஆடியது.

“ஏ பாய்! ஹாரன் அடிக்காம அடிக்கீகளே!” என்று அக்கா கத்துவதும் டீக்கடையில் எல்லாரும் சிரிப்பதும் கேட்டது.

“நான் தொடலக்கா,” என்றார் பாய். “அண்ணாச்சி உள்ள என்னமோ பண்ணுதாரு.”

“அவரு பண்ணுத வேலையா? ஊமைக் கோட்டான்னுல்ல நெனச்சேன்!”

மறுபடியும் சிரிப்பு. நான் டிக்கிக்குள் கிடந்தபடி என் உள்ளங்கையைப் பார்த்தேன். ஃபியூஸ் அதிலேயே இருந்தது. வயர் கழன்று தொங்கியது. வூஃபருக்கு உயிரே இல்லை. அந்தத் தெருவில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்தேன். டீக்கடையைப் பார்த்துக் கையை விரித்து ஃபியூஸைக் காட்டினேன். அது என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

“பெட்டி இல்ல,” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “இது பெட்டி இல்லக்கா.”

அக்காவின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. கிளாசைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

“கிழக்க. சாத்தூர் ரோட்டுப் பக்கம். புகை.”

பாய் என்னைப் பார்த்தார். என் மனைவி எங்கே வேலைக்குப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். “யா அல்லா” என்றார். “ஏறுங்க அண்ணாச்சி.”

டிக்கியைக்கூட மூடவில்லை. மேடு பள்ளத்தில் கதவு மேலும் கீழும் அடிக்க, என் திருப்புளிகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்துகொண்டே வந்தன. பாய் ஒரு கையில் செல்போனைக் காதில் வைத்தபடி ஓட்டினார். யாருக்குப் போட்டாலும் கிடைக்கவில்லை. தீயணைப்பு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. புகை கறுப்பாக இல்லை. வெள்ளையாக, நடுவில் மஞ்சளாக, கோயில் கோபுரம் அகலத்துக்கு நின்றது.

அந்த இடத்தில் வரிசையாகச் சில கம்பெனிகள் உண்டு. எது என்று தெரியவில்லை. கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டதால் காரை விட்டு இறங்கினோம். கருவேல முள்ளுக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் அலுமினியப் பவுடர். எல்லாரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார்கள். நான் என் சட்டையைத் தேடினேன். நீலக் கட்டம். ஆனால் அந்தச் சாம்பல் பூச்சில் எது நீலம், எது பச்சை? எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. முகமும் ஒரே முகமாக இருந்தது. கட்டிய மனைவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

“கூப்பிடுங்க அண்ணாச்சி,” என்றார் பாய். “சத்தம் போட்டுக் கூப்பிடுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த நேரத்திலும் பேர் வாய்க்கு வரவில்லை. வீட்டில் கூப்பிடுவதுதான் வந்தது. தெருவில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவன், தொண்டை கிழியக் கத்தினேன்.

“இந்தா! ஏ, இந்தா!”

அங்கிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் புருசன் அப்படித்தான் கூப்பிடுவான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் நடந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள்.

“எதுக்கு இப்பிடிக் கத்துதீக? நான் இங்கனதான இருக்கேன்.”

கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

“எங்க கம்பெனி இல்ல,” என்றாள். “பக்கத்துக் கம்பெனி. அங்கன உள்ளவக...” திரும்பிப் புகையைப் பார்த்தாள்.

பாய் அவளையும் கூட வந்த மூன்று பெண்களையும் பின்சீட்டில் நெருக்கி உட்கார வைத்தார். அவர்கள் முதுகுக்குப் பின்னால் என் பெட்டி இருந்தது. வழியில் ஒரு பள்ளத்தில் டிக்கிக் கதவு மடேரென்று அறைந்தது. பின்னால் நால்வரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் காரை நிறுத்தினார். இறங்கிப் போய், தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து டிக்கியை இறுக்கிக் கட்டினார். பிறகு மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார்.

வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் என் மனைவி என் வலது கையைக் கவனித்தாள். மூடியபடியே இருந்தது. என்னால் விரிக்க முடியவில்லை. அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஃபியூஸ் சதையில் பதிந்து கிடந்தது.

“இது என்னது?”

“ஃபியூஸ்.”

“எதுக்கு?”

“இது இல்லாட்டி பெட்டியில சத்தம் வராது.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் நீலக் கட்டச் சட்டைக்குக் கீழே தொங்கிய முந்தானையை இழுத்து, அதன் நுனியில் ஃபியூஸை வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காரில் உட்கார்ந்தபடி பாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.