எங்கள் கொல்லை சிவப்பாக இருந்தது

வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடி அறைதான் என் அலுவலகம். காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு குழுவுக்காக ஆறு வருடங்களாக அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். செயற்கைக்கோள் எடுத்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பேன். பழையதில் காடாக இருந்து புதியதில் காணாமல்போன இடத்தைச் சுற்றிக் கோடு போடுவேன். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று எழுதுவேன்: பயிர், தைலமரத் தோப்பு, கல்குவாரி, வீட்டுமனை. கடைசியில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெரும்பாலும் 'ஆக்கிரமிப்பு' என்று ஒரே வார்த்தையைத் தட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

இந்தப் படங்களில் காடு பச்சையாக இருக்காது. இலை அடர்ந்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும்படி நிறத்தை மாற்றியிருப்பார்கள். உழுத நிலம் வெளிறிய சாம்பல் நிறம். முதல் மாதம் தலை சுற்றியது. பிறகு எனக்குச் சிவப்பைப் பார்த்தாலே குளிர்ச்சியாக இருக்க ஆரம்பித்தது.

முதலில் வெளிநாட்டு மழைக்காடுகளைத்தான் கொடுத்தார்கள். நான் போயே இராத ஊர்கள். ஒரு வருடம் நூல் மாதிரி ஒரு சாலை காட்டுக்குள் நுழையும். ஐந்து வருடத்தில் அதன் இரு பக்கமும் மீன் முள் போலக் கிளைச்சாலைகள். பத்தாவது வருடத்தில் மீனே இருக்காது. "படுபாவிங்க" என்று வாய்விட்டே சொல்வேன். கீழே இருந்து என் கணவர், "யார திட்டற?" என்று கேட்பார்.

போன வருடம் ஆய்வு எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. செங்கம் பக்கத்து மலையடிவாரங்கள் இருக்கும் வரைபடத் தாளை எனக்கே ஒதுக்கினார்கள். அதில் நான் பிறந்த ஊரும் இருந்தது.

அந்தப் படம் வந்த அன்று மதியம் சாப்பிடக்கூட இறங்காமல் திறந்தேன். வேலைக்காக இல்லை, ஆசையில்தான். ஏரியைக் கண்டுபிடித்தேன். கரை கண்ணில் பட்டது. ஏரியிலிருந்து மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் கொல்லை. மேட்டு நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்றுதான் சொல்வோம். மூன்று ஏக்கர். மல்லாட்டை போடுவோம், மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்று சொல்வதுதான் அது. அந்தக் கொல்லையில்தான் நான் ஓடியாடி வளர்ந்தேன். தாத்தா காலத்து நிலம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.

கொல்லை இருக்க வேண்டிய இடம் சிவப்பாக இருந்தது. அடர்ந்த சிவப்பு.

படம் நகர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். சில நேரம் பழைய படங்கள் கொஞ்சம் தள்ளி உட்காரும். ஏரிக்கரையை வைத்துச் சரிபார்த்தேன். ரோட்டின் வளைவை வைத்துப் பார்த்தேன். மலையுச்சிப் பாறையை வைத்துப் பார்த்தேன். எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்தின. படத்தின் தேதி நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தையது.

அடுத்த படத்தைத் திறந்தேன். நான் பிறந்த வருடத்துக் கோடை. சிவப்பின் நடுவில் வெளிறிய ஓட்டை ஒன்று விழுந்திருந்தது. அதிலிருந்து மலைமேல் ஒரு கறுப்புத் தீற்றல். மேகத்தின் நிழல் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு மேகமும் இல்லை.

கணினியை மூடாமலே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா அங்கே கிரிவலப் பாதையோரம் ஒரு சின்னக் கடை போட்டு, பின்னாலேயே ஒற்றை அறையில் இருக்கிறாள். கொல்லையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். மறுநாள் பௌர்ணமி. ஜூஸுக்காக எலுமிச்சம்பழ மூட்டையைப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம கொல்லை நமக்கு எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுன்னா? ஒங்க தாத்தா சொத்து. ஏன், ஒன் தம்பி எதனா சொன்னானா?"

"அவன் ஒண்ணும் சொல்லல." கைபேசியில் எடுத்து வந்திருந்த படத்தை நீட்டினேன்.

"இன்னா இது, செவப்பா?"

"நம்ம ஊரும்மா. இது ஏரி, இது ரோடு. இதோ, இதான் நம்ம கொல்லை இருக்கற எடம். நான் பொறக்கறதுக்கு முன்ன எடுத்தது. செவப்பா இருக்கறது பூரா காடு."

அம்மா அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"இத யாரு யாருகிட்ட காட்டின?"

நான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று அம்மா சிரிப்பாள், திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்து வந்தேன். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துபோனது.

"யார்கிட்டயும் காட்டல" என்றேன்.

அவள் பழத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"ஒங்கப்பாவுக்குப் பாகம்னு ஒண்ணும் வரல. அண்ணனுங்க மூணு பேரும் பிரிச்சிக்கினாங்க. கல்யாணம் ஆயி வந்த நாளா நான் கூலிக்குதான் போவேன். அப்ப மேல கரிமூட்டம் போடறவங்க வந்து பெரிய மரத்தயெல்லாம் வெட்டிக்கினு போயிட்டாங்க. அடிக்கட்டையும் பொதருமா கெடந்துச்சு. மூணு குடும்பம் ஏறிப் போனோம். வெட்டறத வெட்டிட்டு, மீதிய கொளுத்திட்டா ஆடிக்கு ஏர் ஓட்டலாம்னு பேச்சு. பட்டாவெல்லாம் ரொம்ப நாளு கழிச்சுதான் குடுத்தாங்க."

"அப்பாவா கொளுத்தினாரு?"

"ஒங்கப்பாவுக்கு அன்னிக்கு ஜுரம். நான்தான் கொளுத்தனேன்."

கீழே உருண்டுவந்த ஒரு பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"எங்க எடத்தோட நிக்கும்னு நெனச்சோம். காத்து ஜாஸ்தி. மலை மேல ஏறிடுச்சு. ரெண்டு நாளு எரிஞ்சுது. ஏரிக்கரையில நின்னு பாத்துக்கினே இருந்தோம்."

படத்தில் நான் மேகநிழல் என்று நினைத்தது அதுதான்.

ஒரு தம்பதி வந்து தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவளாகவே தொடர்ந்தாள்.

"மூணாம் நாளு கட்டை எரிஞ்சுதான்னு பாக்கப் போனேன். ஒரு பொதரு ஓரமா மயிலு கெடந்துச்சு. பொட்டை மயிலு. கருகி. எழுந்து போவல அது. காலால தள்ளிப் பாத்தா கீழ முட்டை. அஞ்சு. ஓடு கறுத்து, உள்ள வெந்து போயி."

"அம்மா, போதும்."

"நீ அப்ப ஆறு மாசம், வயித்துல. ரெண்டு நாளா வெறும் கூழு. அங்கியே ஒக்காந்து துன்னுட்டேன். அஞ்சையும். ஒங்கப்பாகிட்ட கூட சொல்லல."

துடைத்த பழங்களைக் கூடையில் அடுக்கிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். வேங்கிக்கால் வந்து சேர்ந்தது நினைவில்லை. கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. என் அம்மா எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றுவதற்கே யோசிப்பவள். அவள் கையில் நெருப்பை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த முட்டை என் உடம்புக்கும்தானே வந்து சேர்ந்திருக்கும் என்ற நினைப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவது நாள் எங்கள் குழுவை நடத்தும் பேராசிரியருக்குப் போன் செய்து, நடந்ததைச் சொன்னேன். முட்டையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த எடத்துக்கு நான் கோடு போடறது சரியா இருக்குமா மேடம்? எங்க சொந்த நிலம்."

"உங்களால முடியலன்னா அந்தத் தாளை வேற ஒருத்தருக்குக் குடுக்கறேன்" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "ஒண்ணு கேக்கட்டுமா? இதுவரைக்கும் நீங்க கோடு போட்ட எடத்துல எல்லாம் யார் இருக்காங்கன்னு நெனச்சீங்க?" என்றார்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் யாரையும் நினைத்ததில்லை. லாரி, இயந்திரம், முகம் தெரியாத பேராசை, அவ்வளவுதான். கூழ் குடித்துவிட்டு ஒரு கர்ப்பிணி அங்கே நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தாளை நானே செய்கிறேன் என்றேன். எங்கள் மூன்று ஏக்கரைச் சுற்றிக் கோடு போட்டேன். 'பயிர்' என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் எதுவும் எழுத வரவில்லை. காலியாக விட்டேன்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. அதற்குப் பிந்தைய வருடங்களின் படங்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அதே கோட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போன வருடங்களில் கோடு அப்படியே பொருந்தியது. கல்லூரி போனபோதும் பொருந்தியது. அப்பா இருந்தவரை பொருந்தியது. அதன் பிறகு பொருந்தவில்லை. மேல் பக்கம், மலையைப் பார்த்த பக்கம், சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. போன வருடத்துப் படத்தில் நல்ல அகலத்துக்கு ஒரு பட்டை.

அது பசித்த காலத்துக் கதை இல்லை. நான் இந்த வேலைக்கு வந்த பிறகு நடந்தது. ஒவ்வொரு வருடமும் தம்பி ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவான். அதை வறுத்துக் கொறித்துக்கொண்டேதான் நான் மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன்.

ஊருக்குப் போனேன். தம்பி மோட்டார் ரூமில் இருந்தான். படத்தைக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டான்.

"வருசத்துக்கு ரெண்டு சாலுதான், அக்கா. டிராக்டர் திருப்பறப்ப கொஞ்சம் மேல ஏறும். எல்லாரும் அப்படித்தான் ஓட்றாங்க."

"எல்லாரும் இல்ல. நீ."

"நீ படிச்சது இந்தக் கொல்லையிலதான். இப்ப ஒக்காந்த எடத்துல படம் பாத்துக்கினு என்னை திருடன்ற?"

"திருடன்னு சொல்லல."

"அந்தப் படம் ஆபீசுக்குப் போவுமா?"

"போவும். நான் மறைக்க மாட்டேன்."

"அம்மா கொளுத்தனதும் போவுமா?"

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. கைபேசியைப் பைக்குள் வைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் அதன் பிறகு பேசவில்லை. பேசாமல் இருந்தது எட்டு மாதம். அந்த வருடம் மாடிப்படிக்குக் கீழே மூட்டை வரவில்லை. அம்மா இரண்டு பக்கமும் பொதுவாகப் பேசினாள்; கொல்லையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நான் பட்டையை அளந்து, தாளில் சேர்த்து அனுப்பினேன். பிறகு பேராசிரியரிடம் கேட்டு, கோடு போட்ட ஊர்களுக்கு நேரில் போய் ஆட்களிடம் பேசும் வேலையையும் வாங்கிக்கொண்டேன். முதல் ஊரில் ஒரு கிழவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "எந்த ஆபீஸ்ல இருந்து வரீங்க? நிலத்த புடுங்கவா?" என்றுதான் கேட்டார். எங்கள் வீட்டு நிலமும் இப்படித்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. மோர் மட்டும் கொடுத்தார்.

போன ஆடியில் ஒரு காலையில் தம்பியிடமிருந்து போன் வந்தது. வண்டி ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, மேல திருப்பாம கீழயே திருப்பறேன். கோட்டுக்குள்ளயே. இந்த வருசப் படத்துல அது தெரியுமா?"

"ஒரு வருசத்துல தெரியாதுடா. அஞ்சாறு வருசம் அப்படியே விட்டா தெரியும்."

"அஞ்சாறு வருசமா?"

"ஆமா."

"சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுவாரம் போய்ப் பார்த்தேன். அந்தப் பட்டையை உழவில்லை. உண்ணிச்செடியும் கொஞ்சம் ஆவாரையும் முளைத்திருந்தன. அதைக் காடு என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கொல்லைக்காரர் தன் எல்லைக்கு மேலே எப்போதும் போல இரண்டு சால் அதிகமாக ஓட்டிவைத்திருந்தார்.