வெடிப்பு உள்ள பஃபர்

திருவனந்தபுரத்தில் எங்கள் முற்றம் பெருக்கும் அம்மிணி, வேலை முடிந்ததும் "வெடிப்பாயி, சாரே" என்பாள். சுத்தமாகிவிட்டது என்று பொருள். நாகர்கோவிலிலிருந்து கல்லூரி வேலைக்கு இங்கே வந்த புதிதில் இதைக் கேட்டுத் திகைத்திருக்கிறேன். நம்மூரில் வெடிப்பு என்றால் விரிசல்தானே.

தொண்ணூறுகளில் இங்கே ஒரு ரைபிள் கிளப்பில் இருந்தேன். கிளப்பின் செமி ஆட்டோமாட்டிக் ரைபிளுக்குப் பஃபர் மாற்ற வேண்டியிருந்தது. சுடும்போதெல்லாம் பின்னால் பாயும் போல்ட் என்ற இரும்புத் தண்டு, உலோகத்தில் மோதாமல் தாங்கிக்கொள்ளும் சின்னத் துண்டு அது. பௌதிக வாத்தியார் என்று, எதை மாட்டுவது என்ற முடிவை என்னிடம் விட்டார்கள். மேசையில் இரண்டு கிடந்தன. ஒன்று கெட்டியான நைலான்; மற்றது அதிர்வை விழுங்கும் மிருதுவான பாலியூரித்தேன். மிருதுவானதை எடுத்தேன்.

துப்பாக்கிகளைப் பராமரிக்கும் சுகுமாரன் சிரித்தார். "பாண்டிக்கு மெத்த வேணோ? நைலான் போரே?"

பாண்டிக்கு மெத்தை கேட்கிறதோ, நைலான் போதாதோ என்கிறார். பாண்டி என்பது தமிழனை மட்டம் தட்டும் சொல். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நைலானைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மயிரிழை போல ஒரு கீறல்.

"இதில வெடிப்பு உண்டு," என்றேன்.

"வெடிப்பு உண்டெங்கில் இது மதி, சாரே."

சுத்தமாக இருந்தால் இதுவே போதும் என்று அதையே மாட்டினார். அவர் தவறாக எடுத்துக்கொண்டது அந்தக் கணமே எனக்குத் தெரியும். விரிசலுக்கு 'விள்ளல்' என்ற மலையாளச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். உடையட்டும், எல்லார் முன்னாலும் தலைகுனியட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் சோதித்துச் சுட்டபோது நைலான் நொறுங்கியது. துணுக்கு சிக்கி, போல்ட் சரியாக மூடாமலே தோட்டா வெடித்தது. பித்தளைச் சில்லு அவர் வலக்கண்ணில் பாய்ந்தது.

விசாரணையில், வெடிப்பு உண்டென்று சொன்னதே நான்தானே என்று கட்டுப்போட்ட கண்ணோடு கத்தினார். "வெடிப்பு உண்டெந்நு சாரல்லே பறஞ்ஞது?"

"விரிசல் என்று எச்சரித்தேன். இவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்," என்றேன். பொய். பார்வையோடு அவர் வேலையும் போனது. அவர் கிண்டலை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்காக ஒரு கண்ணை எடுத்துக்கொண்டவன் நான்.

சென்ற மாதம் நாகர்கோவில் வீட்டில் கொத்தனார் சுவரைக் காட்டி, "பெரிய வெடிப்பு, ஐயா" என்றார். "நல்லது" என்று தலையாட்டிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இங்கே திரும்பி வந்தால், அம்மிணி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு "வெடிப்பாயி" என்கிறாள். நான் குனிந்து, பெருக்கிய தரையில் விரிசலைத் தேடுகிறேன்.