மாமாவின் மீசை

மாமா திரையில் ஒரு விதவையின் சோற்றுப் பானையை எட்டி உதைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அருகில் என் வகுப்புப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளிலிருந்து பள்ளியில் என் பெயர் 'ரவுடி அளியா'. அளியா என்றால் கன்னடத்தில் மருமான். யாருடைய பென்சில் தொலைந்தாலும் என் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்த்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி, மைசூரில் அப்போதிருந்த ஸ்டூடியோவுக்குச் சைக்கிளில் போய்வந்தார். நான்கு வருடமாக அடியாள் வேடம்தான். போதாததற்கு முறுக்கு மீசை வேறு வளர்த்திருந்தார். ரயில்வே குமாஸ்தாவான அப்பாவுக்கு அதைக் கண்டாலே எரியும்.

"இந்த மீசையோட என் பக்கத்துல உக்காராதேடா."

"இன்னும் பத்து நாள், அத்திம்பேரே. எடுத்துடறேன்" என்று மாமா தட்டோடு எழுந்து போய்விடுவார். ஏன் பத்து நாள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் மார்க்கெட் வாசலில் பையன்கள் என்னை மறித்து, மாமா மாதிரி உதைத்துக் காட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அவர்களே ஒரு பூக்காரியின் கூடையை உதைத்துவிட்டு ஓடினார்கள். பிடிபட்டவன் நான். அவள் என் காதைத் திருகிக்கொண்டே வைத வசவெல்லாம் மாமாவுக்குரியவை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அம்மாவின் தையல் கத்தரியை எடுத்து இடப்பக்க மீசையை ஒட்ட வெட்டினேன்.

விழித்தவர் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் கத்தரியோடு நின்ற என்னையும் அதிலேயே பார்த்தார். அடிக்கட்டும் என்று விறைத்து நின்றேன்.

"யார் கேட்டாலும் நானே எடுத்துண்டேன்னு சொல்லு" என்றார்.

அப்பா அன்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார்.

விவரமெல்லாம் பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. மீசை வளர்த்தது அப்போது எடுத்துக்கொண்டிருந்த ஒரு படத்துக்காக; அதில் மாமா அடியாள் இல்லை. ஊரே மதிக்கும் ஒரு நல்ல மனிதர். முதல் பெரிய வேடம், பாதிக்குமேல் எடுத்தாகிவிட்டது, சில நாள் வேலைதான் பாக்கி. மறுநாள் ஒட்டுமீசையோடு போனார். விளக்குச் சூட்டில் அது பிய்ந்து தொங்கியது. டைரக்டர் எல்லோர் முன்னாலும் திட்டி வெளியே அனுப்பிவிட்டு, வேறொருவரை வைத்து முதலிலிருந்து எடுத்தார். மாமா மறுபடி உதைக்கவும் உதைபடவும் போனார்.

எழுபது வயதில்தான் டெலிவிஷன் தொடர் ஒன்றில் அன்பான தாத்தாவாக வந்தார். நஞ்சன்கூடு பஸ்ஸில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற நான் அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வருடம் போய்விட்டார். அந்த ஒன்பது வயதுப் பையனைக்கூட விட்டுவிடுவேன். பஸ்ஸில் வாயைத் திறக்காமல் நின்ற ஐம்பது வயதுக் கோழையை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று மீதி மீசையை மழிக்கும்போது மாமாவின் கண் நிறைந்திருந்தது. ரவுடி திருந்திவிட்டான் என்று முடிவுகட்டி, நான் விளையாடப் போனேன்.