வண்டி வரியும் ஒரு நல்ல கட்டுரையும்

நல்ல எழுத்தைக் கண்டால் உருகிப்போகிற மனுஷர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது சித்தப்பா. மைசூர் ராஜ்யத்து மர்பி டவுனில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் மாதப் பத்திரிகை வந்தால் உரக்க வாசிப்பது என் வேலை.

அந்த வருஷம் வண்டி வரியை ஏற்றியிருந்தார்கள். சித்தப்பாவால் கட்ட முடியவில்லை. கட்டாதவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஸ்டாண்டில் ஒரே பேச்சு. வண்டி போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கட்டுரை வந்தது. மைசூர் ராஜ்யத்து மந்திரிகள் இரண்டு கோஷ்டியாக நின்று நாற்காலிக்கு மல்லுக்கட்டுவதையும், பணக்காரன் மேல் போட வேண்டிய வரியை இரண்டு கோஷ்டியும் தள்ளித் தள்ளிவிட்டு, கடைசியில் அது குதிரைவண்டிக்காரன் தலையில் வந்து இறங்கியதையும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதியிருந்தார்கள். ஒரு வசவு கிடையாது. ஆனால் படித்ததும் சின்னப் பெண்ணான எனக்கே விளங்கியது. சித்தப்பா அதையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இவ்ளோ தெளிவா எழுதின பொறவு எவன் வந்து வரி கேப்பான்?"

சித்தி குதிரைக்குக் கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். "எழுதினவரு வந்து கட்டுவாரான்னு கேளு பாப்பா" என்றாள்.

வரி வசூல்காரர் இரண்டு சேவகர்களோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பா தகராறு செய்யவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, "பாப்பா, சாருக்குக் கன்னடத்துல சொல்லு" என்றார். பள்ளிக்கூடத்தில் கற்ற கன்னடத்தில் நான் அந்தக் கட்டுரையை வரிவரியாகச் சொன்னேன். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மந்திரிகள் சண்டை வந்த இடத்தில் குலுங்கிச் சிரித்தார். ஒரு பத்தியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"தும்ப சென்னாகி பர்திதாரே" என்றார் கடைசியில். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார்களாம். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்றும் சொன்னார்.

பிறகு எழுந்து சேவகர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் குதிரையை அவிழ்த்துக் கம்பத்தில் கட்டிவிட்டு, வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா பத்திரிகையைப் பிடித்தபடி நின்றார். சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "வசூல்காரருக்குக் கட்டுரை பிடித்துப்போய்விட்டது சித்தி" என்று நான் கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தேன். அவள் அழுகிற சத்தம்தான் கேட்டது.

அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் தெருமுனையில் போய் நிற்பேன். அவ்வளவு ரசித்துக் கேட்ட மனுஷர் வண்டியைத் திருப்பி அனுப்பாமலா இருப்பார்?

அடுத்த வாரம் யாரோ ஒருவர் வந்து குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சித்தப்பா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கயிற்றை அவர் கையில் கொடுத்தார். வண்டி வந்ததும் எதைப் பூட்டுவார், இப்படி அவசரப்படுகிறாரே என்று எனக்குச் சித்தப்பா மேல்தான் கோபம்.