நான் தொட்டு வைத்த தேன்

ஒரு காலத்தில் கல்முனையில் நெல் ஆலை என்றால் என்னுடைய ஆலையைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் வயலில் நெல்லுச் சூடடித்து, மூட்டை சுமந்து, பிறகு ஒரு மாட்டு வண்டில் வாங்கி, அதற்குப் பிறகுதான் ஆலை போட்டேன். ஒருவரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. காய்ச்சல் என்று நான் பாயில் கிடந்ததைக் கண்டவர் இந்த ஊரில் இல்லை. இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் வீட்டில் ஒரு உயிரைக் கொண்டுபோனது.

எண்பதுகளின் தொடக்கம். மூத்த மகளுக்கு என் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், வீடு கட்டி, ஓர் ஆசிரியரை மாப்பிள்ளையாக எடுத்திருந்தேன். அவள் தலைப்பிள்ளைக்கு மாதம் நிறைந்து இருந்த நேரத்தில் என் கடைசி மகளுக்குக் குக்கல் இருமல் வந்தது. அவளுக்கு ஆறு வயது. இருமத் தொடங்கினால் மூச்செடுக்க இடைவெளி கிடைக்காது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கடைசியில் கூவுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை இழுப்பாள். பிறகு குடித்ததையெல்லாம் சத்தி எடுப்பாள்.

என் மனைவி கிணற்றடிக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினாள்.

“இந்தக் கயித்தத் தாண்டி ராத்தாட ஊட்டுப் பக்கம் போனா கால முறிச்சிருவன். வெளங்கிச்சா?”

சின்னவள் தாண்டவில்லை. கயிற்றடியில் நின்றுகொண்டு, “ராத்தா, புள்ள எப்ப வரும்?” என்று கூப்பிட்டுக் கேட்பாள். “நீ இருமல நிப்பாட்டு, வந்திரும்” என்று மூத்தவள் அங்கிருந்து சிரிப்பாள்.

கயிறு எனக்குக் கட்டப்படவில்லை. ஆலையிலிருந்து வந்ததும் சின்னவளைத்தான் மடியில் எடுப்பேன். இருமல் வரும்போது நெஞ்சைத் தாங்கிப் பிடிப்பேன். அவள் என் முகத்திலேயே இருமுவாள். அப்படியே கயிற்றைத் தாண்டி மூத்தவள் வீட்டுக்கும் போய்வருவேன்.

கொஞ்ச நாளில் எனக்கும் இருமல் தொடங்கியது.

“உங்களுக்கும் அந்த இருமல்தான்” என்றாள் மனைவி.

“உனக்கென்ன பைத்தியமா? பேரன் காணப்போற மனிசனுக்குக் குக்கலா? அது சின்னப் புள்ளையளுக்கு வாற வருத்தம். இது தவிட்டுத் தூசி.”

ஆலைக்காரன் இருமினால் தூசி என்றுதான் எங்கள் ஊரே சொல்லும். நானும் அதை நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

பேரன் பிறந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் கொண்டுவந்தோம். பிறந்த பிள்ளையின் வாயில் முதலில் தேன் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். யார் வைக்கிறாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மருமகன் தன் மகனின் காதில் பாங்கு சொல்லி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“மாமா, தேன நம்மட மௌலவி வைக்கட்டுமே. உங்களுக்கு இருமலும் இரிக்கி.”

“ஏன் மருமகன், படிக்காதவன் தொட்டா புள்ள மக்காப் போயிருமா? படிச்ச ஆக்கள் எல்லாம் சம்பள நாளப் பாத்துக்கிட்டு இரிக்காங்க. என்ட பேரன் என்னப்போலதான் வரணும்.”

பிள்ளை பார்க்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் மட்டும் மெதுவாக, “வாப்பா, கொஞ்சம் எட்ட நிண்டு வைங்களன்” என்றாள்.

நான் எட்ட நிற்கவில்லை. விரலால் தேனைத் தொட்டு வைத்தேன். முகத்தோடு முகம் வைத்து, “எழும்புடா, ஆலை ஒனக்காகக் காத்துக்கிட்டு இரிக்கி” என்று கதைத்தேன். இடையில் இருமல் வந்தது. தோளுக்குள் முகத்தைத் திருப்பி இருமிவிட்டு மறுபடியும் குனிந்தேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளை பால் குடிப்பதைக் குறைத்தான். அவனுக்குக் கூவி இருமவும் தெரியாது. இருமல் வந்தால் சத்தமில்லாமல் நீலம் பாய்ந்து, மூச்சு அப்படியே நின்றுபோகும். உலுக்கினால் மூச்சு வரும். நான், மனைவி, மகள், மருமகன் நாலு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

“வீட்டில யாருக்கு இருமல்?” என்று டொக்டர் கேட்டார்.

“கடைசி மகளுக்கு. அவ புள்ளைக்குக் கிட்டயும் வரல்ல” என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமி முடித்தேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது எத்தின நாளா?”

“அது தவிட்டுத் தூசி, டொக்டர்.”

“தூசிக்கு இப்பிடி வராது. பெரிய ஆக்களுக்கும் குக்கல் வரும். மூச்சாலதான் தொத்தும்.”

மகள் பிள்ளையை அணைத்தபடி பக்கத்தில்தான் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பிள்ளை மௌத்தாகிவிட்டான்.

கபன் துணி சுற்றிய உடம்பை என் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மையவாடிக்கு நடந்தேன். நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றியவன் நான். பாதி வழியில் இருமல் பிடித்தது. நிற்க முடியவில்லை. மருமகன் கையை நீட்டித் தன் மகனை வாங்கிக்கொண்டார். நான் வேலியைப் பிடித்து இருமிக்கொண்டு நின்றேன். ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது, துக்கம் விசாரிக்க வந்திருந்த பெண்களில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்: “சின்னவட இருமல்தான் தொத்திரிக்கி. இதென்ன குமர்ப்புள்ளட காரியமா, மூடி மறைக்க? குக்கல் உள்ள புள்ளய எங்கயாச்சும் அனுப்பியிருக்கணும்.” அவள் சத்தத்தைக் குறைக்கவுமில்லை. சின்னவள் கதவு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்னது எங்கள் நாலு பேருக்கும்தான் தெரியும். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மருமகனும் பார்த்தார். கூட்டத்தில் கதைப்பதற்கு நான் ஒருநாளும் பின்வாங்கியவனல்ல. அன்று வாய் திறக்கவில்லை.

மூத்தவள் பாயில் கிடந்தவள் எழும்பிவந்து, சின்னவளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு, நான் தனியே இருந்த நேரம் சின்னவள் வந்தாள். மடியில் ஏறவில்லை. எட்ட நின்றுகொண்டு கேட்டாள்:

“வாப்பா, நானா அவனுக்கு இருமல குடுத்த?”

“அல்லாஹ்ட நாட்டம் மகள்” என்றேன்.

அது பொய்யல்ல. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலுமல்ல. ஓம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. தெரிந்தும், “இல்ல மகள், அது நான்” என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அவள் திரும்பி நடந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கமே போய் உட்கார்ந்துகொண்டாள்.